அமெலியின் மலையும் நெல்லியடிச் சந்தியும்

சென்ற ஆவணியில் பாரிஸிலிருந்து மச்சான் வந்திருந்தான். மாமியின் மகன். என்னைவிட நான்கு மாதம் மூத்தவன். 1990இல் நெல்லியடியை விட்டுப் புறப்பட்டவன் இடையிலே மூன்று தடவைதான் ஊருக்கு வந்திருக்கிறான். ஓரிரவு, சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு ஓய்ந்திருந்த வேளையில், என்னிடமிருந்த பிரெஞ்சுத் திரைப்படமொன்றைப் போட்டேன். உலகம் முழுவதும் 'அமெலி' என்ற பெயரில் அறியப்பட்ட, 2001இல் வெளிவந்த காதல் நகைச்சுவைப் படம். எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. பாரிஸ்காரனுக்குப் பாரிஸைக் காட்டி மகிழ்விக்கலாம் என்பது என் எண்ணம்.

மச்சான் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. அது திரையிடப்பட்ட காலத்தில் கதை நடக்கும் அதே மொன்மார்த்ர் மலையடிவாரத்தில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் அவன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான் (உணவகத்தின் பெயர் இங்கு வேண்டாம்). இரவு வேலைக்காரனுக்குத் திரையரங்கு எட்டாத பொருள். கால் மணி நேரம் உற்றுப் பார்த்தான். தெருக்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினான். பிறகு மெல்லக் கேட்டான்:

"மச்சான், இது நான் நிண்ட இடம்தான். ஆனா இதிலை எங்கடை ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லையே. கறுவல் இல்லை, அடையான் இல்லை, நாங்களும் இல்லை. எல்லாரையும் எங்கை கொண்டுபோய் விட்டவங்கள்?"

(அவன் பயன்படுத்திய சொற்களை அப்படியே தருகிறேன். ஆபிரிக்கரையும் அரபுக்காரரையும் நம்மவர் பாரிஸில் இப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.)

படத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஜோன்-பியர் ஜூனே இயக்கியது. ஓட்ரே தொத்து அமெலியாக நடித்தார். மொன்மார்த்ரில் லெப்பிக் தெருவிலுள்ள ஒரு கபேயில் பணிபுரியும் கூச்ச சுபாவமுள்ள பெண் பிறருக்கு இரகசியமாக நன்மை செய்யத் தொடங்கி, தனக்கொரு காதலைத் தேடிக்கொள்ளத் தயங்குவதுதான் கதை. பிரான்ஸில் மட்டும் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதைத் திரையரங்கில் பார்த்தனர். 2002இல் சிறந்த படத்துக்கான சேசார் விருது கிடைத்தது. ஒஸ்கார் விருதுக்கு ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. படத்துக்காகத் தெருக்களிலிருந்து வாகனங்கள் அகற்றப்பட்டன. சுவர்க் கிறுக்கல்கள் துடைக்கப்பட்டன. பச்சையும் சிவப்பும் பொன்னிறமும் கணினியின் துணையோடு கூட்டப்பட்டன. பழைய தபாலட்டை ஒன்றுக்குள் நடந்து செல்வது போன்ற உணர்வு அதனால் வருவதுதான்.

மச்சான் கேட்ட கேள்வி புதியதல்ல. படம் வெளியான ஆறாவது வாரம், 2001 மே 31ஆந் திகதி, 'லிபெராசியோன்' நாளிதழில் செர்ஜ் ககான்ஸ்கி என்ற விமர்சகர் அதையே கேட்டிருந்தார். பலவினத்தவர் வாழும் ஒரு மாவட்டத்தைக் கழுவித் துடைத்து, பழங்காலத்து வெள்ளைப் பாரிஸ் ஒன்றை ஜூனே கட்டியிருக்கிறார் என்பது அவரது குற்றச்சாட்டு. தீவிர வலதுசாரித் தலைவர் லு பென் தமது பிரசாரத்துக்கு ஒரு காணொளி தேடினால் இது போதும் என்ற அளவுக்கு அவர் சென்றார். பிரான்ஸே கொதித்தது. எல்லோரும் கொண்டாடிய படத்தின் மீது சேறு வாரி இறைப்பதா என்றார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 21இல் அதே லு பென் சனாதிபதித் தேர்தலின் இரண்டாஞ் சுற்றுக்குத் தெரிவானபோது, ககான்ஸ்கியின் கட்டுரையைச் சிலராவது மீண்டும் நினைத்திருக்கக்கூடும்.

ஜூனே தரப்புக்கும் பதில் இருந்தது. காய்கறிக் கடையில் முதலாளியின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு வேலைசெய்யும் லூசியன் என்ற இளைஞனாக நடித்த ஜமெல் தெபூஸ் மொரோக்கோ வம்சாவளியினர். கதாநாயகன் சேர்க்கும் கிழிந்த புகைப்படங்களின் தொகுப்பில் பலவினத்தவரின் முகங்கள் உண்டு என்று அவர் சுட்டிக்காட்டினார். உண்மைதான். ஆனால் தெபூஸின் பாத்திரத்துக்கு லூசியன் என்றுதானே பெயர் வைத்தார்கள்? முகத்துக்கு இடம் கிடைத்தது, பெயருக்குக் கிடைக்கவில்லை. இன்னொரு வேடிக்கை: அமெலியின் காதலன் நினோவாக நடித்தவர் மத்தியூ கசோவிட்ஸ். 1995இல் 'லா ஏன்' என்ற படத்தை இயக்கியவர். ஒரு யூதன், ஓர் ஆபிரிக்கன், ஓர் அரபு இளைஞன் என்ற மூன்று புறநகர்ப் பையன்களின் ஒரு நாளைச் சொல்லிக் கானில் சிறந்த இயக்குநர் விருது பெற்றவர். பாரிஸின் மற்ற முகத்தை அவரைவிட நன்கறிந்தவர் அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் வேறு யார் இருந்திருக்க முடியும்!

இனி, நம்மவர் எங்கே இருந்தார்கள் என்று பார்ப்போம். அமெலியின் கபேக்கு அருகில் உள்ள மெத்ரோ நிலையம் பிளோன்ஷ். அங்கே இரண்டாம் இலக்கப் பாதையில் கிழக்கு நோக்கி ஏறினால் பிகால், அன்வேர், பார்பேஸ், அதன் பிறகு லா சப்பல். நான்கே தரிப்பிடங்கள். அன்வேரைத் தாண்டியதும் வண்டி நிலத்தடியிலிருந்து வெளியே வந்து இரும்புத் தூண்களின் மேல் ஓடும். லா சப்பலில் இறங்கினால் நம்முடைய எழுத்துகள் கண்ணிற்படும்: புடவைக் கடை, நகைக் கடை, முருங்கைக்காயும் கருவாடும் விற்கும் பலசரக்குக் கடை, திருமண அழைப்பிதழ் அச்சிடும் இடம். யாழ்ப்பாணத்தவர் பாதிப்பேருக்கு அந்தத் தெருக்களில் ஓர் உறவினராவது இருப்பார். அங்கிருந்து சிறிது தூரத்தில் 1985இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டெம்பர் தொடக்கத்திலோ தேர் தெருவுக்கு வரும். சிதறு தேங்காய்களால் வீதி வெள்ளையாகும். பிரெஞ்சுக்காரரும் நின்று பார்ப்பர். அந்த ஆலயமும் அமெலியின் கபேயும் ஒரே நகரப் பிரிவில், பதினெட்டாம் வட்டாரத்தில்தான் உள்ளன.

'அமெலி'யின் கதை நிகழும் காலமும் ஏறத்தாழ அந்தத் தேர்க் காலமே. இளவரசி டயானா இறந்த செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்ட அதிர்ச்சியில்தான் அமெலியின் கையிலிருந்து மூடியொன்று நழுவி, கதை தொடங்குகிறது. அந்த 1997 ஆகஸ்ட் இறுதியில் வன்னியில் ஜெயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. தரைப்பாதை அடைபட்டு, குடாநாடு ஒரு தீவுபோல் கிடந்தது. லா சப்பலிலிருந்த ஒவ்வொருவனும் காலையில் பத்திரிகையையும் மாலையில் தொலைபேசிக் கடையையும் தேடி ஓடிய காலம். நான்கு தரிப்பிடத் தூரத்தில் இருவேறு உலகங்கள். ஒன்று மற்றொன்றின் கண்ணில் படவேயில்லை.

இன்னொன்றையும் மச்சான் சொன்னான். கோப்பை கழுவும் வேலை கிடைக்கும் முன் முதல் எட்டு மாதங்கள் அவன் இரவுகளில் ரோஜா விற்றிருக்கிறான். வாளியில் பூக்களை வைத்துக்கொண்டு உணவகம் உணவகமாக, மேசை மேசையாகச் செல்ல வேண்டும். சோடியாக இருப்பவர்களிடம் மட்டும் நீட்ட வேண்டும். சண்டைபிடித்துக்கொண்டிருக்கும் சோடியிடம் போகக்கூடாது என்பது தொழிலின் முதற்பாடம். "எத்தினை பேர் கலியாணம் கேட்டதை நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான் தெரியுமோ? ஒருத்தி அழுதழுது ஓமெண்டு சொன்னவள். அவன் எனக்குக் காசு தர மறந்துபோனான். நானும் கேக்கேல்லை."

ஆக, பாரிஸின் காதற் காட்சிகளில் நம்மவர் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான இரவுகளில், காதலர் இருவருக்கும் ஒரு முழத் தூரத்தில், கையில் பூவோடு நின்றார்கள். பாரிஸைப் பற்றிய காதல் நகைச்சுவைப் படமொன்றில் ரோஜா விற்பவனாகக்கூட ஒரு தமிழன் எட்டிப் பார்க்கவில்லை என்றால், அதை மறதி என்று மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை.

"அது ஒரு தேவதைக் கதை, அதில் கணக்கெடுப்பு நடத்தலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. பல ஆண்டுகள் நானும் இதையே சொல்லி வந்தேன். கலைஞனின் கனவுக்குள் புகுந்து தலையெண்ணுவது எனக்கும் ஒவ்வாத செயல். வட்டாரத்துக்கு இத்தனை வீதம் என்று பாத்திரங்களை நிரப்பிய படங்கள் அரசாங்க விளம்பரம்போல் இருப்பதையும் கண்டிருக்கிறேன். ஆயினும் கனவு என்பது விடையல்ல, அதுதான் கேள்வி. ஒருவன் தன் நகரத்தை அதன் மிக அழகான வடிவில் கற்பனை செய்யும்போது யார் யாரை விட்டுவிடுகிறான்? கனவில் விடுபட்டவர்களே அவனுடைய மகிழ்ச்சிக்குத் தேவைப்படாதவர்கள்.

திரையில் நமக்கு இடமே கிடைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2015இல் ஜாக் ஓதியாரின் 'தீபன்' கானில் தங்கப்பனை விருது பெற்றது. நமது எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் நாயகன். உரையாடலின் பெரும்பகுதி தமிழில். இருளிலிருந்து மினுங்கும் விளையாட்டுப் பொருளைத் தலையில் அணிந்தபடி தெருவியாபாரியாக அவர் நடந்து வரும் காட்சியைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. 2024இல் லோரன்ஸ் வலன் என்ற இளந்தமிழர் இயக்கிய 'லிட்டில் ஜஃப்னா' வெனிஸில் திரையிடப்பட்டது. லா சப்பலின் தமிழ்க் குழுவொன்றுக்குள் ஊடுருவும் தமிழ்ப் பொலிஸ்காரனின் கதை. இரண்டும் பொருட்படுத்தத்தக்க படங்கள். ஆனால் இரண்டிலும் துவக்கு இருக்கிறது. நாம் திரைக்குள் நுழைய வேண்டுமானால் கையில் ஆயுதமோ முதுகில் காயமோ நுழைவுச்சீட்டாக வேண்டியிருக்கிறது. கபேயில் உட்கார்ந்து, எதிர்மேசைக்காரியிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் சீனிக்கட்டியைக் கரண்டியால் உடைத்துக்கொண்டிருக்கும் ஒரு தமிழ் இளைஞனை எந்தப் பிரெஞ்சுப் படத்திலும் நான் இன்னும் பார்க்கவில்லை. துன்பப்படும் உரிமையை உலகம் நமக்குத் தாராளமாகத் தந்துவிட்டது. அசட்டுத்தனமாகக் காதலிக்கும் உரிமைதான் பாக்கி. (கடலுக்கு அப்பால், 2020 முதல் 2023 வரை வந்த 'நெவர் ஹாவ் ஐ எவர்' தொடரில் ஈழத்துப் பெற்றோரின் மகளான கனடியப் பெண் மைத்ரேயி இராமகிருஷ்ணன் அந்த அசட்டுத்தனத்தை நான்கு பருவங்கள் ஆசைதீரச் செய்தார். அதிலும் பாத்திரம் இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பெண்தான். பரவாயில்லை.)

தமிழகம் என்ன செய்தது? 'அமெலி'க்கு முந்திய ஆண்டில், 2000ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு, கமல்ஹாசனின் 'தெனாலி' வந்தது. அதுவும் காதலும் நகைச்சுவையும்தான். நாயகன் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் ஈழத்தவன். எதைக் கண்டாலும் அஞ்சும் நோயாளி. இங்கே பலர் அதைக் கண்டு மனம் நொந்தனர். நம் மொழி அவர்களுக்குச் சிரிப்பாகிவிட்டதா என்று கேட்டனர். நான் அவ்வளவு நொந்துகொள்ளவில்லை. அந்தப் பயங்களுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறதென்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் அவனுக்கு ஒரு காதலியும் கிடைத்தாள். பிரான்ஸ் செய்யாததை, குறையோடேனும், கோடம்பாக்கம் செய்தது.

நாமே எடுத்த படமொன்றையும் நினைவுகூர வேண்டும். இலங்கை வானொலியில் ஒலித்த நகைச்சுவைத் தொடரிலிருந்து பிறந்து 1976இல் திரைக்கு வந்த 'கோமாளிகள்'. எஸ். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம் மக்களின் தமிழ் பேசினார். ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ், செல்வசேகரன் உபாலியாகச் சிங்கள வாடையடிக்கும் தமிழ், பி. எச். அப்துல் ஹமீட் ஐயராகப் பிராமணத் தமிழ். இந்துவான ராம்தாஸ் மரிக்காராகவும் முஸ்லிமான ஹமீட் ஐயராகவும் வருவதை அக்காலத்தில் ஒருவரும் விபரீதமாக எண்ணவில்லை. நால்வரும் ஒரே சட்டகத்துக்குள் நின்று ஒருவரையொருவர் கேலிசெய்தனர். நால்வரும் ஆண்கள் என்பதை என் மனைவி பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறாள். அது நியாயமான குறைதான். ஆனாலும் 1983க்கும் 1990க்கும் முந்திய ஒரு நாட்டின் ஓசை அதில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த நான்கு குரல்களையும் ஒரே மேசையில் வைத்துச் சிரிக்க நமக்குத் துணிவு வரவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குற்றவாளி பிரெஞ்சுக்காரன் என்று முடித்திருக்கலாம். ஆனால் மச்சானின் கேள்வி என்னை வேறொரு பழைய சங்கடத்துக்கு இழுத்துச் சென்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரப் பதிப்புக்காக நெல்லியடிச் சந்தியின் பழைய தேநீர்க் கடைகளைப் பற்றி எழுதினேன். வாழைப்பழச் சீப்புத் தொங்கும் வாசல், கண்ணாடிப் பெட்டிக்குள் வடை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறுந்தேத்தண்ணீர், வானொலியில் மதியப் பாட்டு, அரசியல் பேசும் ஆசிரியர்கள், பருத்தித்துறை வண்டிக்குக் காத்திருப்போர். நன்றாக வந்திருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். வெளிநாடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன. "ஊரைக் கண்முன் கொண்டுவந்துவிட்டீர்கள்" என்று ஒருவர் எழுதினார். எனக்கும் சற்றுத் தலைக்கனம்தான்.

பிறகு லண்டனிலிருந்து ஒரு பெண் எழுதினார். மூன்றே வரிகள். நான் விபரித்த கடைக்குள் தன் தந்தை ஒருநாளும் நுழைந்ததில்லை என்றும், கடைக்கு வெளியே பூவரச மரத்தின் கீழ் நின்று, தனக்கென்று வைத்திருந்த போத்தலில் தேநீர் வாங்கிக் குடித்தார் என்றும், அந்த மரம் என் கட்டுரையில் இல்லை என்றும் எழுதியிருந்தார்.

அந்த மரம் எனக்குத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது போத்தல் வழக்கம் போய்விட்டது. மரம் நின்றது. அதன் கீழ் நிற்பவர்களும் பழக்கத்தினாலோ கூச்சத்தினாலோ நின்றார்கள். நான் அதைக் காணவில்லை என்று சொல்ல முடியாது. கண்டேன், எழுதவில்லை. என் கடையின் நிறங்களுக்கு அது பொருந்தவில்லை. எந்தக் கணினியும் இல்லாமலே துடைத்திருக்கிறேன்.

சட்டம் தெரியாதவனல்லன் நான். சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறியது. தேநீர்க் கடையில் சாதி பார்த்து ஒருவரை மறுப்பது அன்றிலிருந்து குற்றம். அது காகிதத்திலிருந்து கடைக்குள் வருவதற்கு 1960களின் பிற்பகுதியில் அடிபட்டும் உயிர்கொடுத்தும் மக்கள் போராட வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் ஊர்வலத்தையும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததையும் பற்றி நானே பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். அதைவிட, இவற்றைக் கலையாக்கியதும் இதே நெல்லியடிதான். என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யைக் கூத்தாக மேடையேற்றிய அம்பலத்தாடிகள் நம்மூர்க்காரர்கள் (அதே பெயரில் 1967இல் வந்த தமிழகப் படம் வேறு). ஆலயப் பிரவேசத்தைப் பாடி ஆடிய அந்தக் கூத்து ஊரூராகச் சென்றது. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' சிறுகதையை நான் பல்கலைக்கழகத்தில் பாடமாகவே படித்தேன். சமத்துவம் பேசும் பெரியவர் ஒருவர், வீடு தேடி வந்த ஒடுக்கப்பட்ட சாதி இளைஞர்களை உள்ளே அழைக்க மனமின்றி, நிலவு அழகாக இருப்பதாகச் சொல்லி வெளியே கூட்டிச் செல்கிறார். பரீட்சையில் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். இருந்தும் இருபது ஆண்டுகள் கழித்து நானும் நிலவின் அழகைத்தான் எழுதியிருக்கிறேன்.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களின் மலர்களை வாசிக்கும்போது இப்போது எனக்கு மொன்மார்த்ர் நினைவுக்கு வருகிறது. கோயில், குளம், பள்ளிக்கூடம், பெரியார்கள் படம். பாதிப் பக்கங்களில் ஊரின் பாதி இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். சைக்கிளில் புடவைப் பொட்டணியோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்த நானாவின் குரலை என் தாயார் இறக்கும்வரை அபிநயித்துக் காட்டுவார். எந்த மலரிலும் அந்த நானா இல்லை. ஏக்கம் மிகச் சுத்தமாகக் கூட்டும் விளக்குமாறு. ஜூனே பிறந்தது மொன்மார்த்ரில் அல்ல. வெளியூரிலிருந்து வந்து தன் கனவு நகரத்தைக் கட்டினார். நம்மவர் ஊரிலிருந்து வெளியே போய்க் கட்டுகிறார்கள். நான் ஊரிலேயே இருந்துகொண்டு கட்டினேன்.

அந்த இரவு மச்சானிடம் பூவரச மரத்தைப் பற்றிக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமலிருந்தான். ரோஜா வாளியோடு உணவகங்களுக்குள் செல்லும்போது பரிசாரகர்கள் வாசலிலேயே மறித்த கதைகளைச் சொன்னான். பிறகு, "நாங்கள் உள்ளுக்கை இருந்து குடிச்ச ஆக்கள் மச்சான்," என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை முடிவுவரை பார்த்தோம். அமெலி கதவைத் திறந்து நினோவை உள்ளே எடுத்துக்கொள்ளும் காட்சியில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நல்ல படம்தான் என்றான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதுவதாக லண்டன் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவருடைய தந்தைக்கு அந்தக் கடையின் வடை மிகவும் பிடிக்கும் என்றும், காதலித்த காலத்தில் இரண்டு வடையைத் தாளில் சுற்றிக்கொண்டு தாயாரைப் பார்க்க வருவார் என்றும் அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தார். இப்போது மாலை வேளைகளில் சந்தியைச் சுற்றியுள்ள முதியவர்களிடம் சென்று, மரத்தின் கீழ் நின்றவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு பெயர்கள் கிடைத்துள்ளன.